தீம் கட்ட எந்த சிஎஸ்எஸ் கிரிட்? தேர்வும் சோதனையும்

தீமுக்கு, அதாவது வேர்ட்பிரஸ் போன்ற தளமென்பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்புக்கு, கிரிட் ஃப்ரேம்வொர்க் (பக்கத்தை நெடுவரிசைகளாக அடுக்கித் தரும் ஆயத்த சிஎஸ்எஸ்) தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது நெடுவரிசை எத்தனை, கோப்பு எத்தனை கேபி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான். இம்மூன்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது இது: அந்த ஃப்ரேம்வொர்க்கின் கிளாஸ் பெயர்களை யார், எங்கே எழுதப்போகிறார்?

ஒரு வலைச் செயலியில் எச்டிஎம்எல் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். தீமில் அப்படி இல்லை. டெம்ப்ளேட் கோப்புகளில் உள்ளது உங்களுடையது. பதிவுக்குள் இருப்பது எழுதுபவருடையது. அது எடிட்டர் வழியாகத் தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. படிவம், கடை, தொடர்புடைய பதிவுகள் போன்றவை ப்ளகின் தருபவை. கிளாஸ் பெயரை எச்டிஎம்எல்லில் எழுதினால்தான் வேலை செய்யும் கிரிட், இவற்றில் முதலாவதை மட்டுமே ஆளும். மற்ற இரண்டும் எப்படி அடுக்கப்படும் என்பதை யோசிக்காமல் ஃப்ரேம்வொர்க் எடுத்தால், முகப்புப் பக்கம் அழகாக வரும், பதிவுப் பக்கம் சிதறும்.

பதிவுக்குள் ஃப்ரேம்வொர்க் கிளாஸ் நுழைந்துவிட்டால் வேறொரு சிக்கல். பூட்ஸ்ட்ராப் என்ற ஃப்ரேம்வொர்க்கின் 3 ஆம் பதிப்பில் பாதி அகலத்துக்கு ‘கோல்-எக்ஸ்எஸ்-6’ என்று எழுதுவார்கள். 4 ஆம் பதிப்பில் அது ‘கோல்-6’ ஆனது. 5 இல் இடைவெளியை நீக்கும் ‘நோ-கட்டர்ஸ்’ போய் ‘ஜி-0’ வந்தது; இடது, வலது மார்ஜின் (பெட்டியின் வெளி இடைவெளி) கிளாஸ்களின் பெயரும் மாறியது. டெம்ப்ளேட்டில் இருப்பதைத் தேடி மாற்றிவிடலாம். ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட பதிவுகளுக்குள் யாரோ ஒட்டிவைத்ததை மாற்றுவது தரவுத்தள அறுவை சிகிச்சை. அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த விதி மாறாது: ஃப்ரேம்வொர்க் கிளாஸ் டெம்ப்ளேட் கோப்பைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

முதலில் தாளில் எழுதுங்கள்

தீமில் உண்மையாகவே எத்தனை அமைப்புகள் உள்ளன என்று எண்ணுங்கள். ஒற்றைப் பதிவு, பக்கப்பட்டையோடு பதிவு, அட்டைகளாகக் காட்டும் தொகுப்புப் பக்கம், முழு அகலப் பக்கம், தலைப்பகுதி, அடிப்பகுதி. வலைப்பூ, செய்தி, நிறுவனத் தளம் எதுவானாலும் பெரும்பாலும் ஆறு, ஏழில் முடிந்துவிடும். ஆறு அமைப்புக்கு நூற்றுக்கணக்கான கிரிட் கிளாஸ்கள் தேவையா என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து, எந்தப் பழைய உலாவி வரை தாங்க வேண்டும்? உலாவிக்குள்ளேயே இருக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சில் குரோம் 57, ஃபயர்பாக்ஸ் 52, சஃபாரி 10.1 மூன்றிலும் வந்தது. எட்ஜ் 16 அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்துகொண்டது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் இடைவெளி தரும் ‘கேப்’ பண்பு சஃபாரிக்கு வர 14.1 வரை, அதாவது 2021 வரை ஆனது. உள் கிரிட் வெளிக் கிரிட்டின் கோடுகளையே பயன்படுத்த உதவும் சப்கிரிட் எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைத்தது 2023 செப்டம்பரில் குரோம் 117 வந்த பிறகுதான். ஃப்ரேம்வொர்க்குகளுக்கும் இப்படி எல்லை உண்டு. பூட்ஸ்ட்ராப் 5 குரோம் 60, சஃபாரி 12 முதல் ஓடும். டெயில்விண்ட் 4 க்கு சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்பாக்ஸ் 128 வேண்டும். பழைய ஐபோன் வைத்திருக்கும் வாசகர்கள் அதிகமென்றால் இந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும்.

பில்டு வசதி, அதாவது மூலக் கோப்புகளை இறுதி சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் கருவிகளை ஓட்டும் வசதி, இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். சாஸ், நோடு என்று ஓட்ட ஆளும் இடமும் இருந்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். பிளாகர் போல தீம் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும் இடத்தில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பில்டு ஓட்டி ஒட்ட வேண்டிய கருவி தொல்லைதான். உரிமம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்: பூட்ஸ்ட்ராப், ஃபவுண்டேஷன், புல்மா, டெயில்விண்ட் நான்கும் எம்ஐடி உரிமம். வேர்ட்பிரஸ் தீம் அடைவு கேட்கும் ஜிபிஎல் பொருத்தத்துக்கு அது போதும்.

பூட்ஸ்ட்ராப் கிரிட் உள்ளே எப்படி ஓடுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது; மற்றவற்றில் பலவும் இதே கணக்கின் உறவுகள்தான். 2008 வாக்கில் பரவிய 960 கிரிட் சிஸ்டத்தில் நெடுவரிசை 60 பிக்சல், இருபுறமும் 10 பிக்சல் இடைவெளி, மொத்தம் 80. பன்னிரண்டால் பெருக்கினால் 960. இடைவெளியை இரண்டாகப் பிளந்து நெடுவரிசையின் இரு பக்கமும் வைக்கும் அந்த உத்தி இன்றுவரை தொடர்கிறது.

பூட்ஸ்ட்ராப் 5 இல் 1200 பிக்சல் திரையில் கன்டெய்னர் எனும் வெளிப் பெட்டியின் உச்ச அகலம் 1140. இருபுறமும் 12 பிக்சல் பேடிங் (பெட்டியின் உள் இடைவெளி). உள்ளே மிஞ்சுவது 1116. அதனுள் ‘ரோ’ வைத்தால் அதற்கு இருபுறமும் மைனஸ் 12 மார்ஜின். ஆக ரோவின் அகலம் மறுபடியும் 1140. எட்டு நெடுவரிசை என்றால் 760. அதன் பேடிங் 24 போக உள்ளடக்கத்துக்கு 736. நான்கு நெடுவரிசைப் பக்கப்பட்டைக்கு 380 இல் 24 போக 356. 736, 24, 356 மூன்றையும் கூட்டினால் 1116. கணக்கு நேர்.

மைனஸ் மார்ஜின் எதற்கு என்பது இப்போது புரியும். உள்ளே இன்னொரு ரோ வைத்தால், அந்த 736 மறுபடி 760 ஆகிறது. இரண்டாகப் பிரித்தால் 380, பேடிங் போக 356. உள் கிரிட்டும் வெளிக் கிரிட்டும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அதே மைனஸ் மார்ஜின்தான் தொல்லையும் தருகிறது. கன்டெய்னர் இல்லாமல் ரோவை நேராக பாடியில் வைத்தால் இருபுறமும் 12 பிக்சல் திரைக்கு வெளியே நீளும். கைப்பேசியில் பக்கம் இடமும் வலமும் ஆடும். ‘ஜிஎக்ஸ்-5’ போன்ற பெரிய இடைவெளி கிளாஸைப் போட்டுவிட்டு கன்டெய்னரின் பேடிங்கைக் கூட்டாமல் விட்டாலும் இதே ஆட்டம்தான். தீர்வாக ஓவர்ஃப்ளோவை மறைப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்குள், உருட்டும்போதும் திரையிலேயே நிற்கும் ஸ்டிக்கி பக்கப்பட்டை அதன்பின் ஒட்டாது. கன்டெய்னரின் பேடிங்கை இடைவெளியில் பாதியாவது இருக்கும்படி உயர்த்துவதே சரி.

இன்னொன்று, 5 ஆம் பதிப்பில் பேடிங்கும் முழு அகலமும் ரோவின் நேரடிப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் போகின்றன, கோல் கிளாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஏதோ ஒரு படிவ ப்ளகின் தன் எச்டிஎம்எல்லில் ‘ரோ’ என்ற பெயரை வைத்திருந்தால், அதன் லேபிளும் உள்ளீட்டுப் பெட்டியும் தனித்தனி வரியில் முழு அகலத்துக்கு நீளும். தீமில் பிழை தேடி நேரம் போகும். குற்றவாளி அந்த ஒற்றைச் சொல்தான்.

கிரிட் மட்டும் போதுமென்றால் முழு பூட்ஸ்ட்ராப்பையும் ஏற்றாதீர்கள். கிரிட்டுக்கென்று தனிக் கோப்பு தொகுப்பிலேயே இருக்கிறது. சுருக்கிய முழுக் கோப்பு 200 கேபிக்கு மேல். கிரிட் கோப்பு ஏறக்குறைய அதில் நான்கில் ஒரு பங்கு. தனிக் கோப்பை எடுக்கும்போது எல்லாவற்றுக்கும் ‘பாக்ஸ் சைசிங்: பார்டர் பாக்ஸ்’ என்ற விதியை நீங்களே உங்கள் ஸ்டைல்ஷீட்டின் தலையில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 100 சதவீத அகலத்தோடு பேடிங்கும் சேர்ந்து பெட்டிகள் பிதுங்கும்.

சாஸ் ஓட்ட முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ஏனோ குறைவாகவே பேசப்படுகிறது. பூட்ஸ்ட்ராப்பின் கிரிட்டை மிக்ஸின்களாகவும் (பெயர் சொல்லி அழைக்கும் சாஸ் விதித் தொகுப்புகள்) அழைக்கலாம்: மேக்-கன்டெய்னர், மேக்-ரோ, மேக்-கோல்-ரெடி, மேக்-கோல். ‘பதிவுப் பகுதி’, ‘பக்கப்பட்டை’ என்று உங்கள் சொந்த கிளாஸ் பெயர்களுக்குள் இவற்றை அழைத்தால், எச்டிஎம்எல்லில் பூட்ஸ்ட்ராப்பின் வாசனையே இருக்காது. கோப்பில் நீங்கள் அழைத்தது மட்டும் வரும். ப்ளகினின் எச்டிஎம்எல்லைத் தொடாமல் அதன் கிளாஸ் மேலேயே கிரிட்டைப் போடவும் முடியும். ஃபவுண்டேஷனின் எக்ஸ்ஒய் கிரிட்டிலும் இதே வசதி இருக்கிறது.

அதே கணக்கு, ஃப்ரேம்வொர்க் இல்லாமல்

1116 பிக்சல் அகலத்தில் பன்னிரண்டு சம நெடுவரிசை, நடுவே 24 பிக்சல் கேப். பதினொரு இடைவெளிக்கு 264 போனால் 852. பன்னிரண்டால் வகுத்தால் நெடுவரிசைக்கு 71. எட்டு நெடுவரிசையும் அவற்றின் நடுவே உள்ள ஏழு இடைவெளியும் சேர்ந்தால் 568 கூட்டல் 168, அதாவது 736. நான்குக்கு 356. மேலே பூட்ஸ்ட்ராப் கொடுத்த எண்களேதான். மைனஸ் மார்ஜின் கிடையாது, ரோ என்ற கூடுதல் டிவ் கிடையாது, சிஎஸ்எஸ் நாலைந்து வரி.

எழுதும் முறை: தாய்ப் பெட்டிக்கு ‘டிஸ்ப்ளே: கிரிட்’. ‘கிரிட் டெம்ப்ளேட் காலம்ஸ்’ பண்பில் ரிப்பீட் 12, ஒவ்வொன்றும் மின்மேக்ஸ் 0 முதல் 1 எஃப்ஆர் (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு). ‘கேப்’ 1.5 ரெம் (1 ரெம் இயல்பாக 16 பிக்சல்). பிள்ளைகளுக்கு ‘கிரிட் காலம்’ பண்பில் ஸ்பேன் 8, ஸ்பேன் 4. கைப்பேசிக்கான அடிப்படை விதியில் எல்லாமே ஸ்பேன் 12. அகலத் திரைக்கான மீடியா குவெரிக்குள் (திரை அளவுக்கேற்ப மட்டும் செயல்படும் விதித் தொகுதி) 8, 4.

அங்கே வெறும் 1 எஃப்ஆர் எழுதாமல் மின்மேக்ஸ் 0 என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. வெறும் 1 எஃப்ஆர் என்றால் அதன் குறைந்தபட்ச அகலம் ‘ஆட்டோ’, அதாவது உள்ளே இருக்கும் உடையாத மிக நீளமான பொருளின் அகலம். பதிவில் 900 பிக்சல் நீள நிரல் வரி ஒன்று வந்தால் நெடுவரிசை அதற்கேற்ப வீங்கும், பக்கப்பட்டை திரைக்கு வெளியே தள்ளப்படும். கீழ் எல்லை 0 ஆனால் நெடுவரிசை அசையாது; நிரல் பெட்டிக்கு ‘ஓவர்ஃப்ளோ எக்ஸ்: ஆட்டோ’ கொடுத்தால் அது தனக்குள்ளேயே உருளும். பூட்ஸ்ட்ராப்பில் எண் இல்லாத வெறும் ‘கோல்’ கிளாஸிலும் இதன் தம்பி இருக்கிறான்: நெடுவரிசை வீங்கி, பக்கப்பட்டை அடுத்த வரிக்கு விழுந்துவிடும்.

தமிழ் உள்ளடக்கம் வரும் தீம் என்றால் இது நிரல் வரிகளோடு நிற்காது. விகுதிகள் ஒட்டி ஒட்டி நீளும் ஒரே சொல் 320 பிக்சல் திரையில் பெரிய தலைப்பாக வரும்போது அட்டையை உடைக்கும். தலைப்புகளுக்கு ‘ஓவர்ஃப்ளோ ராப்: எனிவேர்’ கொடுங்கள். ‘பிரேக் வேர்ட்’ என்ற மதிப்பும் சொல்லை உடைக்கும், ஆனால் நெடுவரிசையின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பை உலாவி சேர்த்துக்கொள்ளாது. வீக்கம் அப்படியே இருக்கும். ‘எனிவேர்’ சேர்த்துக்கொள்ளும்.

தொகுப்புப் பக்கத்து அட்டைகளில் உலாவியின் கிரிட் எந்த ஃப்ரேம்வொர்க்கையும் விஞ்சுகிறது. ரிப்பீட்டில் ஆட்டோ-ஃபில், உள்ளே மின்மேக்ஸ் 16 ரெம் முதல் 1 எஃப்ஆர். 1116 பிக்சலில் நான்கு அட்டை, ஒவ்வொன்றும் 261. திரை சுருங்கச் சுருங்க மூன்று, இரண்டு, ஒன்று. மீடியா குவெரி ஒன்றுகூட இல்லை. ஆட்டோ-ஃபிட், ஆட்டோ-ஃபில் இரண்டில் எது என்பதில் மட்டும் கவனம். நிறைய பதிவுகள் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டே பதிவுள்ள ஒரு வகைப்பாட்டைத் திறந்தால், ஆட்டோ-ஃபிட் காலி நெடுவரிசைகளைச் சுருட்டி அட்டைகளை 546 பிக்சலுக்கு இழுத்துவிடும், சிறுபடங்கள் மங்கலாகும். தீமுக்கு ஆட்டோ-ஃபில்தான். குறைந்தபட்ச அகலத்தை 20 ரெம் என்று வைப்பவர்கள் அதை ‘மின்’ செயற்கூற்றுக்குள் 20 ரெம், 100 சதவீதம் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் 320 பிக்சல் திரையில் ஓர அளவு போக இடம் போதாமல் பக்கம் ஆடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம்: வேர்ட்பிரஸ் இயல்பாகப் பக்கத்துக்கு 10 பதிவு காட்டும். மூன்று நெடுவரிசையில் கடைசி வரியில் ஒன்று அநாதையாக நிற்கும், நான்கில் இரண்டு. பரிந்துரையாக 12 என்று தீம் ஆவணத்தில் எழுதிவிடுங்கள். பன்னிரண்டு 2, 3, 4, 6 ஆல் வகுபடும் என்ற பழைய நியாயம் இங்கேயும் உதவுகிறது.

உலாவியின் கிரிட் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு: பதிவின் உடல். பத்தி, படம், மேற்கோள் எல்லாவற்றையும் நேரடிப் பிள்ளைகளாகக் கொண்ட உள்ளடக்கப் பெட்டிக்கே கிரிட் போட்டு, நடுவில் 40 ரெம், அகலப் படத்துக்கு 64 ரெம், முழு அகலத்துக்குத் திரையின் விளிம்பு வரை என்று பெயரிட்ட கோடுகளில் அடுக்கும் முறை பிரபலம். பார்க்கவும் நேர்த்தி. ஆனால் கிரிட்டின் பிள்ளைகளுக்கு ‘ஃப்ளோட்’ வேலை செய்யாது. எழுதுபவர் படத்தை இடப்பக்கம் ஒதுக்கினால் வாசகம் அதைச் சுற்றி ஓடாது. படம் தனி வரியில் நிற்கும். மேல்-கீழ் மார்ஜின்களும் ஒன்றாகச் சேராது: பத்தியின் கீழே 1.5 ரெம், அடுத்த தலைப்பின் மேலே 2.5 ரெம் இருந்தால் வழக்கமாக 2.5 தெரியும், இங்கே 4 தெரியும். அதனால் பதிவின் உடலுக்குப் பழைய வழியே மேல்: ஒவ்வொரு பிள்ளைக்கும் உச்ச அகலம், இருபுறமும் ஆட்டோ மார்ஜின். வேர்ட்பிரஸின் தீம்.ஜேசன் கோப்பில் கன்டென்ட்-சைஸ், வைட்-சைஸ் இரண்டையும் கொடுத்தால் வேர்ட்பிரஸே இதைச் செய்துகொள்ளும்.

டெயில்விண்ட்

டெயில்விண்டைக் கிரிட் ஃப்ரேம்வொர்க் என்று சொல்ல முடியாது. உலாவியின் கிரிட்டுக்குக் கிளாஸ் பெயர் கொடுத்த கருவி என்று சொல்லலாம். ‘கிரிட்-கோல்ஸ்-3’ என்றால் பின்னால் ஓடுவது மேலே சொன்ன மின்மேக்ஸ் 0 உத்திதான். டெம்ப்ளேட் எழுதும் வேகத்துக்கு இதற்கு நிகரில்லை. பயன்படுத்திய கிளாஸ் மட்டுமே கோப்பில் வருவதால் அளவும் சிறியது.

தீமில் இதன் முட்கள் மூன்று. முதலாவது, பில்டு ஓடும்போது கோப்புகளை வெறும் வாசகமாகப் படித்து கிளாஸ் பெயர்களைத் தேடுகிறது. பிஎச்பியில் ‘கோல்-ஸ்பேன்-’ என்பதோடு எண்ணை ஒட்டி எழுதினால் முழுப் பெயர் எங்கேயும் இல்லை. அந்த விதி உருவாகாது. எண்ணுக்கு எண் முழுப் பெயர் கொண்ட ஒரு பட்டியலை வைத்து அதிலிருந்து எடுங்கள். பதிவுக்குள் எழுதுபவர் தட்டச்சும் கிளாஸ் தரவுத்தளத்தில் இருப்பதால் அதுவும் பில்டின் கண்ணில் படாது.

இரண்டாவது, ப்ரீஃப்ளைட் எனும் அதன் அடிப்படை விதிகள் தலைப்புகளின் அளவையும் பட்டியல்களின் புள்ளிகளையும் துடைத்துவிடும். டெம்ப்ளேட்டில் பரவாயில்லை, பதிவின் உடலில் எல்லாத் தலைப்பும் சாதாரண வாசகமாகிவிடும். டைப்போகிராஃபி ப்ளகினின் ‘ப்ரோஸ்’ கிளாஸை உள்ளடக்கப் பெட்டிக்குக் கொடுங்கள், அல்லது அந்தப் பெட்டிக்கென்று தனி விதிகள் எழுதுங்கள்.

மூன்றாவது கண்டுபிடிக்கக் கடினம். டெயில்விண்ட் 4 தன் விதிகளை உலாவியின் கேஸ்கேட் லேயர்களுக்குள் (எந்த விதி வெல்லும் என்பதைத் தீர்மானிக்கும் அடுக்குகள்) வைக்கிறது. லேயருக்கு வெளியே இருக்கும் எந்தச் சாதாரண விதியும் லேயருக்குள் இருப்பதை வெல்லும், செலக்டர் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும். ஒரு ப்ளகின் தன் ஸ்டைல்ஷீட்டில் வெறுமனே ‘எச்2’ க்கு மார்ஜின் எழுதியிருந்தால், உங்கள் மார்ஜின் கிளாஸ் தோற்கும். அப்படிப்பட்ட இடங்களில் கிளாஸின் ‘இம்பார்டன்ட்’ குறியிட்ட வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும், அல்லது ப்ளகினின் ஸ்டைல்ஷீட்டை ஒரு லேயருக்குள் இறக்குமதி செய்ய வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

புல்மா ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதது, பெயர்கள் எளிது, 769 பிக்சலில் நெடுவரிசைகள் விரியும். ஒருவரே கட்டிப் பராமரிக்கும் சிறு தீமுக்கு நல்லது. ஃபவுண்டேஷனின் எக்ஸ்ஒய் கிரிட் திறமையானதுதான், ஆனால் புதிய வெளியீடுகள் அரிது. இன்று புதிதாகத் தொடங்குபவர் அதை எடுக்கக் காரணம் தெரியவில்லை. ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வேர்ட்பிரஸ் மேலே ஒட்டிய பதிவுக்கு ‘ஸ்டிக்கி’ என்ற கிளாஸைச் சேர்க்கும், ஃபவுண்டேஷனிலும் அதே பெயரில் ஒரு பாகம் உண்டு, போஸ்ட்-கிளாஸ் ஃபில்டரில் அந்தப் பெயரை ‘டபிள்யூபி-ஸ்டிக்கி’ என்று மாற்றிவிடுவது வழக்கம். பியூர் சிஎஸ்எஸ்ஸின் கிரிட் 5 ஆகவும் 24 ஆகவும் பிரிப்பது. ஐந்து சம நெடுவரிசை வேண்டுபவருக்கு ஒரு காலத்தில் வரம், இன்று ரிப்பீட் 5 என்று எழுதினால் முடிந்தது.

பிரேக்பாயிண்ட் மோதல்

அமைப்பு மாறும் திரை அகலமே பிரேக்பாயிண்ட். ஃப்ரேம்வொர்க் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லைகள், பிக்சலில். பூட்ஸ்ட்ராப்: 576, 768, 992, 1200, 1400. டெயில்விண்ட்: 640, 768, 1024, 1280, 1536. ஃபவுண்டேஷன்: 640, 1024, 1200, 1440. இதில் எது உயர்ந்தது என்ற வாதம் வீண். தளமென்பொருள் என்ன எல்லை வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸ் எடிட்டரின் நெடுவரிசை பிளாக் 781 பிக்சல் வரை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், 782 இல் அருகருகே வரும். உங்கள் தீம் 768 இல் பக்கப்பட்டையை விரித்தால், 768 முதல் 781 வரையுள்ள திரைகளில் பக்கப்பட்டை பக்கத்தில் வந்துவிட்டிருக்கும், குறுகிப்போன பதிவுக்குள் நெடுவரிசைகள் இன்னும் அடுக்காக இருக்கும். 768 என்பது பல டேப்லெட்களின் நிமிர்ந்த அகலம் என்பதால் இது அரிய ஓரம் என்று ஒதுக்க முடியாது. சாஸ் மாறியிலோ டெயில்விண்ட் அமைப்பிலோ நடு எல்லையை 782 ஆக்குங்கள். உலாவியின் கிரிட் என்றால் நேராக 782 என்றே எழுதுங்கள்.

சொந்தமாக ‘மேக்ஸ்’ எல்லை எழுதும்போது 767 என்று முழு எண்ணில் நிறுத்தாதீர்கள். ஜூம் செய்த திரைகளில் அகலம் 767.5 என்றும் வரும். எந்த விதியும் பொருந்தாத அரைப் பிக்சல் உருவாகும். பூட்ஸ்ட்ராப் 767.98 என்று எழுதுவது இதனால்தான். மீடியா குவெரியில் ரெம் பயன்படுத்துபவர்களுக்கு: அங்கே ரெம் என்பது உலாவி அமைப்பில் உள்ள எழுத்தளவு. எச்டிஎம்எல் உறுப்புக்கு 62.5 சதவீதம் கொடுத்து 1 ரெம்மை 10 பிக்சலாக்கியிருந்தாலும், மீடியா குவெரியில் அது 16 ஆகவே இருக்கும்.

அரை நாள் சோதனை

இரண்டு வேட்பாளர்களை மட்டும் எடுங்கள். முகப்பைக் கட்டிப் பார்க்காதீர்கள். அது எதிலும் நன்றாக வரும். பக்கப்பட்டையோடு கூடிய ஒற்றைப் பதிவையும் அட்டைத் தொகுப்பையும் கட்டுங்கள். பதிவுக்குள் இவற்றைப் போடுங்கள்: உடையாத நீளச் சொல் கொண்ட தலைப்பு, எட்டு நெடுவரிசை அட்டவணை, ஒரு நீண்ட நிரல் வரி, இடப்பக்கம் ஒதுக்கிய படம், முழு அகலப் படம், ஐஃப்ரேம் காணொளி, எடிட்டரின் இரண்டு நெடுவரிசை பிளாக், ஒரு தொடர்புப் படிவம். தொகுப்பில் ஒரு பதிவு, இரண்டு பதிவு, பத்துப் பதிவு என மூன்று நிலையிலும் பாருங்கள்.

பிறகு 1280 பிக்சல் அகல உலாவியில் 400 சதவீதம் ஜூம். அது 320 பிக்சல் திரைக்குச் சமம், வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 இன் 1.4.10 விதி, அந்த அகலத்தில் பக்கவாட்டு உருளல் இன்றிப் படிக்க முடிய வேண்டும் என்கிறது. அட்டவணை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அடுத்து மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் பக்கம் முழுக்கப் போய்ப் பாருங்கள். ‘ஆர்டர்’ பண்போ ‘டென்ஸ்’ அடுக்கோ போட்டு இடம் மாற்றியிருந்தால், கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று, ஃபோகஸ் போகும் வரிசை வேறொன்று. எச்டிஎம்எல் வரிசையையே சரியாக எழுதுவதுதான் மருந்து.

பக்கம் இடம்வலமாக ஆடினால் குற்றவாளியைத் தேட ஒரு குறுக்குவழி: எல்லா உறுப்புக்கும் தற்காலிகமாக 1 பிக்சல் அவுட்லைன் கொடுங்கள். பார்டர் கொடுத்தால் அளவே மாறிவிடும், அவுட்லைன் இடம் எடுக்காது. திரைக்கு வெளியே நீளும் பெட்டி தானே தெரியும். கிரிட் கோடுகளைக் காண குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டின் டெவலப்பர் கருவியிலும் உறுப்பின் பக்கத்தில் ‘கிரிட்’ என்ற பொத்தான் இருக்கும்.

முடிவு எடுக்கும் வரிசை

பதிவு, தொகுப்பு, பக்கம் என்று ஆறேழு அமைப்போடு நிற்கும் தீம் என்றால் உலாவியின் கிரிட்டை நேராக எழுதுங்கள். ஃப்ரேம்வொர்க் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. 2017 க்கு முன் எழுதிய ஒப்பீடுகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

பலர் சேர்ந்து வேலை செய்யும் இடம், பொத்தான், மெனு, மோடல் எல்லாமும் சேர்த்து வேண்டும், புதியவர் வந்தாலும் ஆவணத்தைப் பார்த்துத் தொடர வேண்டும் என்றால் பூட்ஸ்ட்ராப், மிக்ஸின் வழியில். டெம்ப்ளேட் எச்டிஎம்எல் பெரும்பாலும் உங்களுடையது, பில்டு ஓட்டத் தயக்கமில்லை, வாசகர்களின் உலாவிகள் புதியவை என்றால் டெயில்விண்ட். கட்டி விற்கும் தீம் என்றால் டெயில்விண்டை இருமுறை யோசியுங்கள்: வாங்கியவர் சைல்டு தீமில் (மூலத் தீமின் மேல் திருத்தங்களை வைக்கும் தனித் தீம்) புதிய கிளாஸ் எழுதுவார், பில்டு இல்லாமல் அது வேலை செய்யாது, ஆதரவுக் கடிதம் உங்களுக்கு வரும்.

தீமில் சேர்க்கும்போது

ஸ்டைல்ஷீட்டை வேர்ட்பிரஸில் பதிவுசெய்யும்போது ஹேண்டிலுக்கு, அதாவது அதன் அடையாளப் பெயருக்கு, ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பொதுப் பெயர் வைக்காதீர்கள். ஏதாவது ஒரு ப்ளகின் அதே பெயரில் தன் பழைய பதிப்பை முன்பே பதிந்திருந்தால், முதலில் பதிந்ததே நிற்கும். உங்களுடையது சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். தீமின் பெயரை முன்னொட்டாக வையுங்கள். கோப்பையும் சிடிஎன் எனும் வெளிச் சர்வரிலிருந்து இழுக்காமல் தீமுக்குள்ளேயே, பதிப்பு எண்ணை நிலையாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டருக்கும் அதே அகலங்கள் போக வேண்டும், இல்லாவிட்டால் எழுதுபவர் பார்ப்பது ஒன்று, வெளியாவது ஒன்று. ஆனால் முழு ஃப்ரேம்வொர்க்கை எடிட்டரில் ஏற்றாமல், உள்ளடக்கப் பெட்டிக்கான விதிகளை மட்டும் தனிக் கோப்பாக்கி ஆட்-எடிட்டர்-ஸ்டைல் வழியாகக் கொடுங்கள்.

டெயில்விண்டில் பெயர் மோதலைத் தவிர்க்க முன்னொட்டு வசதி உண்டு. 3 ஆம் பதிப்பில் முன்னொட்டுக்குப் பின் சிறுகோடு, 4 இல் முக்காற்புள்ளி என்று எழுதும் முறை மாறியிருப்பதால், பதிப்பு உயர்த்தும்போது டெம்ப்ளேட் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். உயர்த்தும் முன் தரவுத்தளத்தில் பதிவுகளின் உடலில் ஃப்ரேம்வொர்க் கிளாஸ் பெயர்கள் ஏதேனும் நுழைந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். கிடைத்தவற்றுக்கு பழைய பெயரிலேயே நாலு வரி விதியைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பிறகு ஃப்ரேம்வொர்க்கை மாற்றுங்கள்.